கால்குலஸில் 98 வாங்கிய மகள் பிசிக்ஸ் ஆசிரியரிடம் கடிதம் கேட்கலாமா?

நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருந்தார். மகள் பதினோராம் வகுப்பு. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க ஆசை. இலையுதிர் காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பல கல்லூரிகள் இரண்டு ஆசிரியர்களிடமிருந்து பரிந்துரைக் கடிதம் கேட்கின்றன. ஏபி (பள்ளியிலேயே கல்லூரி அளவில் நடத்தும் பாடம்) கால்குலஸில் மகளுக்கு 98, ஆனால் அந்த ஆசிரியருடன் அவள் தனியாகப் பேசியதே இல்லை. ஏபி பிசிக்ஸில் முதல் காலாண்டில் பி மைனஸ், இப்போது ஏ. அமெரிக்க வரலாறு வகுப்பில் ஏ மைனஸ், அங்கே நிறையப் பேசுவாளாம். பத்தாம் வகுப்பு ஆங்கில ஆசிரியைக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். இவர்கள் போக ரோபாட்டிக்ஸ் பயிற்சியாளர், வாரயிறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியை, கணவரின் கம்பெனியில் ஒரு டைரக்டர். "யாரைக் கேட்பது? நானே ஆசிரியர்களுக்கு மெயில் போடலாமா? திருச்சியில் பிளஸ் டூ படிக்கும் என் அண்ணன் மகனும் இங்கே விண்ணப்பிக்கப் போகிறான். அவனுக்கு என்ன சொல்வது?" இவ்வளவும் கேள்வியில் இருந்தன.

சகோதரி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிசிக்ஸ் ஆசிரியரையும் வரலாற்று ஆசிரியரையும் கேட்கச் சொல்லுங்கள். மெயில் நீங்கள் போட வேண்டாம், மகளே நேரில் கேட்கட்டும். இனி காரணங்கள்.

நான் 18 வருடமாக இங்கே ஓர் அரசுப் பள்ளியில் கெமிஸ்ட்ரி நடத்துகிறேன். வருடத்துக்கு இருபது, இருபத்தைந்து கடிதம் எழுதுகிறேன். பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்தில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். பள்ளி அதற்கென்று நேரமோ சம்பளமோ தருவதில்லை, ஆசிரியர்கள் விருப்பத்தோடு செய்கிற வேலை அது. உட்காரும்போது என் கையில் இருப்பது இரண்டே பொருள்தான்: என் நினைவு, அந்தப் பிள்ளை கொடுத்த குறிப்பு. மதிப்பெண் எனக்கு உதவாது. அது டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலில் ஏற்கெனவே போய்விட்டது, கல்லூரியில் விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் என் கடிதத்தைத் திறக்கிறார். "இவர் 98 வாங்கினார்" என்று நான் எழுதினால், தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன். டிரான்ஸ்கிரிப்ட் சொல்ல முடியாத ஒன்றை நான் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் கேட்டான். வருடம் முழுவதும் 99. வீட்டுப்பாடம் ஒன்றுகூடத் தவறியதில்லை. ஜன்னல் ஓரம் மூன்றாவது வரிசையில் இருப்பான். சரி என்று சொல்லிவிட்டேன். ஆகஸ்டில் எழுத உட்கார்ந்தால் ஒரு காட்சிகூட மனதில் வரவில்லை. அவன் கேட்ட கேள்வி ஒன்றும் ஞாபகமில்லை, ஏனென்றால் அவன் கேட்டதில்லை. கடைசியில் "கடின உழைப்பாளி, மரியாதை தெரிந்தவர், எப்போதும் தயாராக வருபவர்" என்று மூன்று பத்தி எழுதி அனுப்பினேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் பெயரை மாற்றினால் என் வகுப்பில் பத்துப் பேருக்குப் பொருந்தும். பிறகுதான் தெரிந்தது, ஸ்பானிஷ் வகுப்பில் அவன் வேறு பிள்ளையாம், அந்த ஆசிரியை அவனைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அன்றே "என்னை விட்டுவிட்டு அவரைக் கேள்" என்று சொல்லியிருக்க வேண்டும். இன்னும் மனதில் கிடக்கிறது.

இன்னொரு மாணவி. மதிப்பெண் 91தான். வினிகரில் எவ்வளவு அசெட்டிக் அமிலம் இருக்கிறது என்று டைட்ரேஷன் செய்து கண்டுபிடிக்கும் லேப். பாட்டிலின் லேபிளில் 5 சதவீதம் என்று போட்டிருக்கும். பாதி வகுப்பு லேபிளைப் பார்த்துக் கணக்கை 5-க்குப் பக்கத்தில் இழுத்து எழுதிவிட்டது. இவள் 5.6 என்று எழுதி, கீழே "மூன்று முறை செய்தேன், மூன்றிலும் இதுதான் வந்தது, காரணம் தெரியவில்லை" என்று குறித்திருந்தாள். மறுநாள் மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றாள். இருவரும் தேடினோம். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் பழசு, மூடி சரியாக மூடவில்லை. அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்து வலு குறைந்திருந்தது. வலு குறைந்த கரைசல் அதிகம் செலவாகும், அதனால் அமிலம் அதிகம் இருப்பதுபோலக் கணக்கு காட்டும். தவறு என் பாட்டிலில். அளந்ததை இழுக்காமல் அப்படியே எழுதியவள் அவள். அவளுக்கான கடிதம் எழுத எனக்கு நாற்பது நிமிடம்தான் ஆனது. வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை, நடந்ததை எழுதினேன்.

இப்போது உங்கள் மகளின் பி மைனஸுக்கு வருகிறேன். அதைப் பார்த்துத்தான் பிசிக்ஸ் ஆசிரியரைத் தள்ளிவைக்கிறீர்கள் என்று புரிகிறது. நம் வீடுகளில் இது இயல்பு: மார்க் குறைந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கவே மாட்டோம். ஆனால் செப்டம்பரில் திணறி, இப்போது ஏ எடுக்கிறாள் என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. ஆசிரியரிடம் கேட்கப் போயிருக்கிறாள், படிக்கும் முறையை மாற்றியிருக்கிறாள், திருப்பித் தந்த பரீட்சைத் தாளை உட்கார்ந்து பிரித்துப் பார்த்திருக்கிறாள். அதைப் பார்த்த ஒரே பெரியவர் அந்த ஆசிரியர்தான். பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் என்ற தளம் வழியாக ஆசிரியர்களுக்கு வரும் படிவத்தில் கடிதத்தோடு ஓர் அட்டவணையும் உண்டு. மாணவரை வகுப்பில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டு, சராசரி, முதல் பத்து சதவீதம், முதல் ஐந்து சதவீதம் என்று குறிக்க வேண்டும். அதில் எழுத்துத் திறன், சொந்தச் சிந்தனை, நேர்மை, பிறர்மேல் அக்கறை என்று பல வரிகள் வரும். சறுக்கும்போது எப்படி நடந்துகொள்கிறார் என்றும் ஒரு வரி உண்டு. சறுக்காத பிள்ளையைப் பற்றி அந்த வரியில் நான் என்ன குறிப்பது? பல நேரம் "சொல்ல அடிப்படை இல்லை" என்ற கட்டத்தில்தான் கை போகும்.

ஒரு நிபந்தனை மட்டும். மகள் தானாக முயன்று ஏறியிருக்க வேண்டும், அது ஆசிரியர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வெளியே டியூஷன் வைத்து மார்க் ஏறியிருந்தால், அவர் பார்த்தது எண் மாறியதை மட்டும்தான். அப்படியென்றால் இந்த வாதம் பலமிழந்துவிடும். உண்மை எது என்று மகளிடமே கேளுங்கள்.

இரண்டாவது கடிதத்துக்கு ஏன் வரலாறு? இங்கே கல்லூரிகளின் விதியும் பேசுகிறது. எம்ஐடி, கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவரையும், மொழி, வரலாறு, சமூக அறிவியல் போன்ற பாடத்தின் ஆசிரியர் ஒருவரையும் கேட்கிறது. கால்டெக்கும் இதே மாதிரிதான். ஸ்டான்ஃபோர்டு, ஆங்கிலம், கணிதம், அறிவியல், அயல்மொழி, வரலாறு போன்ற முக்கியப் பாடங்களில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களை எதிர்பார்க்கிறது. ஆக, இன்ஜினியரிங் பிள்ளை என்று கால்குலஸ், பிசிக்ஸ் இரண்டையும் கேட்டால் சில கதவுகள் மூடிக்கொள்ளும். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று வைத்தால் எல்லா இடத்துக்கும் அதே இருவர் போதும். நாங்கள் காமன் ஆப்பில் ஏற்றுவதும் ஒரே கடிதம்தான், அதன் வழியாக விண்ணப்பிக்கும் எல்லாக் கல்லூரிக்கும் அதுவே போகும்.

கலிபோர்னியாவின் யூசி பல்கலைக்கழகங்கள் பட்டியலில் இருந்தால், விண்ணப்பத்தோடு கடிதமே கேட்க மாட்டார்கள். அவற்றில் ஒன்றான பெர்க்லி பின்னால் சிலரை அழைத்துக் கேட்பதுண்டு. ஒவ்வொரு கல்லூரியின் அட்மிஷன் பக்கத்தையும் மகள் ஒருமுறை படித்து, எங்கே ஒன்று, எங்கே இரண்டு, எங்கே கூடாது என்று ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். போன வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இருந்தது இந்த வருடமும் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஆங்கில ஆசிரியையைக் கைவிடுவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். எனக்கும்தான். பிரியம் உள்ளவர் எழுதும் கடிதத்தில் ஒரு சூடு இருக்கும். ஆனால் அவர் பார்த்தது பதினைந்து வயதுப் பெண்ணை. அந்த வயதில் இரண்டு வருடம் என்பது பெரிய தூரம். அவர் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பாடம் எடுக்கிறார், மகள் மறுபடி அவர் வகுப்பில் இருக்கப்போகிறாள் என்றால் நான் கணக்கை மாற்றுவேன். இல்லையென்றால் வரலாற்று ஆசிரியர் தயங்கும் பட்சத்தில் இவரிடம் போகலாம். கால்குலஸ் ஆசிரியரைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை, என் ஜன்னல் ஓரத்துப் பையனின் கதைதான்.

ரோபாட்டிக்ஸ் பயிற்சியாளரும் தமிழ்ப் பள்ளி ஆசிரியையும் பாட ஆசிரியர் கணக்கில் வர மாட்டார்கள். சில கல்லூரிகள் இவர்களைப்போல இன்னொருவரின் கடிதத்தையும் ஏற்கும், சிலவற்றில் அதற்கு இடமே இல்லை. இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பக் கூடாது. மற்ற இருவர் சொல்லாத ஒன்றை இவர் சொல்வாரா என்று பாருங்கள். தமிழ்ப் பள்ளியில் மகள் படித்து முடித்ததோடு சரி என்றால் விட்டுவிடலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் மழலை வகுப்பில் உதவி ஆசிரியையாக நின்று, "ழ" வராத ஆறு வயதுக் குழந்தைக்கு நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள் என்றால், அதை எழுத அந்த ஆசிரியையைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? அப்படி இருந்தால் தயங்காமல் கேளுங்கள். அவருக்கு இங்கிலீஷ் எழுதத் தயக்கம் இருந்தாலும் பரவாயில்லை, எளிய வாக்கியங்களில் உண்மை இருந்தால் போதும்.

டைரக்டர் வேண்டாம். அவர் உங்கள் கணவரை அறிந்தவர், மகளை அறிந்தவரில்லை. பெரிய லெட்டர்ஹெட்டில் வரும் வெறும் கடிதம், இந்த வீட்டில் ஆள் பிடிக்கிற பழக்கம் இருக்கிறது என்றுதான் படிப்பவருக்குத் தோன்ற வைக்கும்.

நம் பிள்ளைகளைப் பற்றி ஒரு விஷயம், எனக்கு மிகவும் முக்கியமானது. அடக்கமான பிள்ளை என்று நாம் பெருமையாகச் சொல்வது, அமெரிக்க வகுப்பறையில் கண்ணில் படாத பிள்ளையாகிவிடுகிறது. ஆசிரியரிடம் சந்தேகம் கேட்டால் தொந்தரவு, எதிர்க்கருத்து சொன்னால் மரியாதைக் குறைவு என்று வீட்டில் பழகிய பிள்ளை, வகுப்பில் வாயே திறக்காது. என் வகுப்பிலும் அப்படி எத்தனையோ தமிழ், தெலுங்கு, சீனப் பிள்ளைகள். அவர்களுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று லேப் ரிப்போர்ட்டின் ஓரக் குறிப்புகளில்தான் தெரியும். பேசாத பிள்ளையைப் பேச வைக்கச் சொல்லவில்லை. பேசாமலும் தெரியவைக்க வழி இருக்கிறது. எல்லா ஆசிரியரும் வாரத்தில் ஏதோ ஒரு நேரத்தில் உதவிக்கு உட்கார்ந்திருப்பார்கள், அங்கே ஒரு கேள்வியோடு போகலாம். "இந்தக் கணக்கு தப்பானது ஏன்?" என்பதைவிட "இந்தச் சூத்திரம் உராய்வு இருந்தால் மாறுமா?" என்ற மாதிரிக் கேள்வி எங்களுக்கு மறக்காது. இதைக் கடிதத்துக்காக மட்டும் செய்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும், ஏப்ரல் மாதத்தில் திடீரென்று முளைக்கும் ஆர்வத்தை வருடா வருடம் பார்க்கிறோம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், அவர்கள் இப்போதே தொடங்கலாம்.

கேட்கும் நேரம்: பதினோராம் வகுப்பின் வசந்த காலம். மே மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். நவம்பர் 1 அன்று பல கல்லூரிகளின் முன்கூட்டிய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், செப்டம்பரில் கேட்டால் நாங்கள் ஏற்கெனவே நிரம்பியிருப்போம். இத்தனைதான் எழுதுவேன் என்று எல்லை வைத்திருக்கும் ஆசிரியர்கள் உண்டு, பிரபலமான ஏபி ஆசிரியர்களிடம் அந்த இடங்கள் ஜூனுக்குள் தீர்ந்துவிடும்.

கேட்கும் விதம்: வகுப்பு தொடங்கும் அவசரத்தில் வேண்டாம், முடிந்தபின் நேரில் கேட்கட்டும். "எனக்குக் கடிதம் எழுதித் தருவீர்களா?" என்பதோடு நிறுத்தாமல், "என்னைப் பற்றி நல்ல பலமான கடிதம் எழுதும் அளவுக்கு என்னைத் தெரியும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். மறுக்க அது ஆசிரியருக்கு ஒரு வழி விடுகிறது. "வேறு யாராவது உன்னை இன்னும் நன்றாக அறிந்தவர் இருப்பார்" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். அது அவமானமில்லை, அந்த ஆசிரியர் செய்த உதவி. நான் அந்தப் பையனுக்குச் செய்யத் தவறிய உதவி.

நீங்கள் ஏன் மெயில் போடக் கூடாது என்றால், அப்பா அம்மா கேட்கும் கடிதத்தை எழுதும்போது எங்கள் மனதில் அப்பா அம்மாதான் நிற்கிறார்கள். தானாக முன்வந்து செய்பவரா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கான பதிலை உங்கள் மெயில் எழுதிவிடும்.

ஆசிரியர் சம்மதித்த பிறகு ஒரு குறிப்புத்தாள் கேட்பார். பல பள்ளிகளில் பிராக் ஷீட் என்று படிவமே இருக்கும். அதில் விருதுப் பட்டியலைக் கொட்ட வேண்டாம், அது விண்ணப்பத்தின் வேறு பகுதியில் இருக்கிறது. அந்த ஆசிரியரின் வகுப்பில் நடந்த மூன்று விஷயங்களை எழுதினால் போதும். எனக்கு ஒரு மாணவன் எழுதித் தந்தது இப்படி: "அக்டோபரில் வாயு விதிகள் பாடத்தில் நீங்கள் பலூனை லிக்விட் நைட்ரஜனில் வைத்துக் காட்டினீர்கள். அன்று வீட்டுக்குப் போய்க் குளிரில் கார் டயரின் காற்றழுத்தம் ஏன் குறைகிறது என்று அப்பாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். முதல் முறை செல்சியஸில் போட்டு அபத்தமான விடை வந்தது." இந்த மூன்று வரி எனக்குப் பொன். 140 பிள்ளைகளில் அவன் எந்தப் பிள்ளை என்று முகத்தோடு நினைவுக்கு வந்தான். உங்கள் மகளும் பிசிக்ஸ் ஆசிரியருக்கு அந்த முதல் காலாண்டைப் பற்றி மறைக்காமல் எழுதட்டும், எந்தப் பரீட்சை, அதற்குப் பிறகு என்ன மாற்றினாள் என்று. சாட்ஜிபிடியிடம் கொடுத்து மெருகேற்ற வேண்டாம். மெருகில் அந்த செல்சியஸ் தப்பு முதலில் காணாமல் போகும்.

விண்ணப்பத்தில் ஃபெர்பா என்ற, மாணவர் பதிவுகள் பற்றிய சட்டத்தைக் குறித்து ஒரு கேள்வி வரும். 1974-ஆம் வருடத்து அந்தச் சட்டத்தின்படி, சேர்ந்த பிறகு தன் கோப்பில் உள்ள கடிதத்தைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். மாணவர் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தால்தான் கடிதத்துக்கு மதிப்பு, சில ஆசிரியர்கள் அது இல்லாமல் எழுதவே மாட்டார்கள்.

பள்ளி கவுன்சிலரின் (மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்) கடிதம் இதிலிருந்து தனி, அதற்கு ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர் என்பது அவர்களின் தேசியச் சங்கம் சொல்லும் அளவு, பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் அதைவிட அதிகம். ஆகவே மகள் இந்த வசந்தத்திலேயே ஒருமுறை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும். வீட்டுச் சூழல் ஏதாவது படிப்பைப் பாதித்திருந்தால், இடம் மாறியது, நோய், தாத்தா பாட்டியைப் பார்த்துக்கொண்டது, அதைச் சொல்லும் இடம் அதுதான்.

அப்புறம் திருச்சிப் பையன். ஊரில் பல இடங்களில் "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது, பிளஸ் டூ வருடத்தில் அவருக்கு மூச்சு விட நேரமில்லை, இப்படி ஒரு கடிதத்தை அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். இருந்தாலும் எழுதிக்கொண்டு போக வேண்டாம். இரண்டு கடிதமும் அவனுடைய சொந்தக் கட்டுரையும் ஒரே குரலில் இருந்தால் படிப்பவருக்குப் பட்டென்று தெரியும், அத்தோடு அது நேர்மையும் இல்லை. அவன் குறிப்புத்தாளை மட்டும் கொண்டு போகட்டும். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் தொடர்ந்து பாடம் எடுத்த ஆசிரியராகப் பார்த்து, ஒரு சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் கேட்டு, "என்னைப் பற்றி உங்களுக்கு நினைவில் இருப்பதைத் தமிழிலேயே எழுதுங்கள் சார்" என்று சொல்லலாம். பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பு என்று குறித்து, மூலத்தோடு சேர்த்து அனுப்பலாம். ஆசிரியரின் பெயருக்குப் பையன் தானே ஒரு மெயில் முகவரி உருவாக்கி அனுப்பும் வேலை மட்டும் எந்தக் காரணத்தாலும் கூடாது. கண்டுபிடித்தால் விண்ணப்பம் அத்தோடு முடிந்தது.

கடிதம் போனபின் மகள் இருவருக்கும் கையால் எழுதிய ஒரு நன்றி அட்டை கொடுக்கட்டும். பரிசு எதுவும் வேண்டாம், பல பள்ளி மாவட்டங்களில் அதற்கு வரம்பு இருக்கிறது, எங்களுக்கும் சங்கடம். முடிவுகள் வந்ததும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், இருவரிடமும் போய்ச் சொல்ல வேண்டும். எழுதிய இருபத்தைந்து பேரில் ஏழெட்டுப் பேர்தான் எனக்கு வந்து சொல்கிறார்கள். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று ஜூன் மாதம் பட்டமளிப்பு விழா நிகழ்ச்சி நிரலில் தேடிப் பார்ப்பேன்.